கழுதைக்கு இரண்டு படிக்கட்டு

தொடர்: படுக்க ஓர் இடம்

சென்ற வாரம் அரெட்ஸோவில் ரயில் ஏறியதோடு விட்டிருந்தேன். அந்த ஓட்டல்காரர், அவருடைய பூனை, மூன்றாம் மாடிக் குழாய் எல்லாம் நினைவிருப்பவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த வாரம் ஓர்வியேத்தோ. இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்தில், ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நடுவில், பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். அதன் கதீட்ரல் முகப்பைப் பற்றி எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். உதவி ஆசிரியர் தம்பி அதை நம்பி முழுப்பக்க வண்ணப்படம் வேறு வாங்கி வைத்திருக்கிறார். “சார், செவ்வாய்க்கிழமை காலைல ஃபாரம் போயிடும். முகப்பு வந்துடும்ல?” என்று நேற்று ராத்திரி பதினொரு மணிக்குச் செய்தி. வரும் தம்பி. வழியில் ஒரு கிணறு இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

என் பைத்தியம் இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் மெத்தையை அமுக்கிப் பார்ப்பார்கள், ஜன்னலைத் திறப்பார்கள். நான் குழாயைத் திறப்பேன். தண்ணீர் எப்படி வருகிறது, எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவந்தது என்பது தெரியாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பாறை உச்சியில் இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரயில் நிலையம் கீழே, சமவெளியில். நிலையத்துக்கு எதிரிலேயே மலையேறும் இழுவை ரயில். இரண்டு பெட்டிகள், ஒரே கம்பிவடம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இன்று மின்சாரம் இழுக்கிறது. 1888இல் இதைத் தொடங்கியபோது இழுத்தது தண்ணீர். மேலே நிற்கும் பெட்டியின் அடித்தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள். கனத்தில் அது கீழே இறங்கும், இறங்கும்போதே கீழ்ப்பெட்டியை மேலே இழுத்துவிடும். கீழே வந்து சேர்ந்ததும் தொட்டியைத் திறந்து கொட்டிவிட்டு, மேலே போன பெட்டியில் மறுபடி நிரப்புவார்கள். 1970இல் நின்றுபோய், 1990இல் மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. காலங்காலமாகத் தண்ணீருக்குத் திண்டாடிய ஊர், ஆட்களை மேலே ஏற்றுவதற்குத் தண்ணீரைக் கீழே கொட்டியிருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டுக்காரி பகிர்ந்துகொள்ளவில்லை. “பெட்டிய யாரு தூக்கறது?” என்றாள்.

ஓட்டல், கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில். இரண்டு நட்சத்திரம். வாசலுக்கு மேலே சுண்ணாம்புச் சுவரில் ‘பென்சியோனே’ என்ற பழைய பெயின்ட் எழுத்து பாதி மங்கிக் கிடக்கிறது. அந்த வகை விடுதிக்குச் சட்டத்தில் தனி இடம் இருந்த காலத்தின் மிச்சம். 1983இல் வந்த சுற்றுலாச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வரை எல்லோருக்கும் நட்சத்திரம் கொடுத்துவிட்டது. அதுவரை இத்தாலியில் ‘அல்பெர்கோ’ என்றால் ஓட்டல். ‘பென்சியோனே’ என்றால் சாப்பாட்டோடு தங்கும் வீடு மாதிரியான இடம். ‘லொகாந்தா’ என்றால் அதற்கும் ஒரு படி கீழே. இந்த ஓட்டல் சட்டப்படி அல்பெர்கோ ஆகிவிட்டது. ஆனால் நடுக்கூடத்தில் பாட்டியின் தையல் மெஷினும் பேரனின் சைக்கிளும் இருக்கின்றன.

லிஃப்ட் கிடையாது. கல் படிக்கட்டு, நடுவில் தேய்ந்து குழிந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் (ஊரே அவரை ‘சிஞ்ஞோரா’ என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன்) கையை நீட்டியது பணத்துக்கல்ல, பாஸ்போர்ட்டுக்கு. இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். என் தகப்பனார் பெயர் அவருக்கு ஒரு மலையேற்றம். இது அவருடைய ஆர்வம் அல்ல, சட்டம். 1931இல், முசோலினி காலத்தில் போட்ட பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் 109ஆவது பிரிவு: ஓட்டலில் தங்கும் ஒவ்வொருவர் விவரமும் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் தலைமையகத்துக்குப் போயாக வேண்டும். முசோலினி போய்விட்டார், மன்னராட்சி போய்விட்டது, தாளில் எழுதிக் கொடுத்தது போய் இணையத்தில் ஏற்றுவது வந்துவிட்டது. பிரிவு 109 மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

அறை சின்னது. இரும்புக் கட்டில், மெழுகு வாசனை அடிக்கும் அலமாரி, மரச்சட்டம் போட்ட ஜன்னல். குழாய்க்கு வருகிறேன். ஷவர் என்பது இந்த அறையில் ஒரு பேச்சு வழக்கு. நூல் நூலாக இறங்கியது. சுவரில் ஒரு சின்ன கீசர். அது தீர்ந்தால் தீர்ந்தது, அடுத்தவர் அரை மணி காத்திருக்க வேண்டும். குளியலறைச் சுவரில் ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் விளக்கு எரியும் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் இழுப்பார்கள். கீழே மணி அடிக்கும், சிஞ்ஞோரா பதறிக்கொண்டு மேலே வருவார். வழுக்கி விழுந்தவர் உதவிக்குக் கூப்பிடுவதற்கான கயிறு அது. பல பேர் அதில் துண்டு காயப்போடுகிறார்களாம், சொல்லிச் சலித்துக்கொண்டார்.

ஆனாலும் அந்தக் குளியலறையில் ஒரு பொருள் இருந்தது. அதைப் பார்த்ததும் வீட்டுக்காரியின் முகம் மலர்ந்தது: பிதே. கழிப்பறைக்குப் பக்கத்திலேயே, உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் பீங்கான் தொட்டி. லண்டனிலும் பெர்லினிலும் காகிதத்தை நம்பி நாளை ஓட்டிய தமிழர் எவரும் இத்தாலிக்கு வந்து இதைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவார். இத்தாலிக்காரர்கள் இதை விருப்பத்துக்கு விட்டுவைக்கவில்லை. 1975 ஜூலை 5ஆம் தேதியிட்ட அமைச்சக ஆணை, ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒரு குளியலறையில் கழிப்பறை, பிதே, தொட்டி அல்லது ஷவர், கைகழுவும் தொட்டி இந்த நாலும் இருந்தாக வேண்டும் என்கிறது. அரசாங்கம் ஒன்று குடிமக்களின் இந்த இடத்தைப் பற்றிக் கூடி யோசித்து, கையெழுத்துப் போட்டு, அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. ஐரோப்பாவில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

“தண்ணீர் ஏன் இப்படி மெலிசா வருது?” என்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன். அவர் குதிகாலால் தரையை இரண்டு முறை தட்டிக் காட்டினார். பாறை. அவ்வளவுதான் பதில். குழாய் பழசாக இருக்கலாம், மேல்மாடி என்பதாக இருக்கலாம். இந்த ஊரில் எல்லாப் புகாருக்கும் கடைசியில் பாறைதான் பொறுப்பு.

நியாயமும் இருக்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான தூஃபா என்ற கல் இது. நகத்தால் கீறினால் பொடி உதிரும், ஆனால் குடைந்தால் நிற்கும். நாலா பக்கமும் செங்குத்தாக வெட்டி விட்டாற்போல் சரிவு. எதிரி ஏற முடியாது. தண்ணீரும் ஏறாது. மேலே பெய்யும் மழை இந்தக் கல்லுக்குள் ஊறி, அடியில் இருக்கும் களிமண் படுகையில் போய்த் தங்கிவிடுகிறது. கி.மு. காலத்திலேயே, ரோமர்களுக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் இதைக் கண்டுபிடித்துப் பாறையைத் துளைத்தார்கள். அவர்கள் வெட்டிய கிணறுகள் ஊருக்கு அடியில் இன்னும் இருக்கின்றன, டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். சுமார் 80 செ.மீ.க்கு 120 செ.மீ. செவ்வகத் துளை, எதிரெதிர்ச் சுவர்களில் வரிசையாகக் கால் வைக்கும் குழிகள். இரண்டு பக்கமும் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு ஓர் ஆள் இருட்டுக்குள் கல்லைக் கொத்திக்கொண்டே இறங்கியிருக்கிறார். கொஞ்சம் பூசின உடம்பு என்றால் வேலை கிடைத்திருக்காது.

ஆய்வாளர்கள் வெல்ஸ்னா என்று கருதும் எத்ருஸ்க நகரம் இதுதான். கி.மு. 264இல் ரோமர்கள் அதை அழித்து, மிஞ்சிய மக்களை போல்சேனா ஏரிக்கரைக்கு ஓட்டிவிட்டார்கள். அங்கே இருந்த 2,000 சிலைகளுக்கு ஆசைப்பட்டுத்தான் ரோம் படையெடுத்தது என்று பிற்காலத்தில் ஒருவர் குற்றம் சாட்டியதை ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதி வைத்திருக்கிறார். இதை விரித்தால் இன்றைக்கு முடியாது.

பாறையைக் குடையும் பழக்கம் எத்ருஸ்கர்களோடு நிற்கவில்லை. ஊருக்கு அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள். எண்ணெய் ஆட்டிய குகை, ஒயின் வைத்த குகை, சுவர் முழுக்கச் சதுரச் சதுரமாக மாடம் வெட்டிப் புறா வளர்த்த குகை. புறா மாடத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். சரிவுப் பக்கமாக ஒரு ஜன்னல் மட்டும் விட்டுவிட்டால், புறா தானே பறந்து போய் தீனி தின்று, தண்ணீர் குடித்து, தானே வீட்டுக்கு வந்துவிடும். வளர்ப்பவர் பிடித்துக் குழம்பு வைத்தால் போதும். இன்றும் ஊர் ஓட்டல்களில் புறாக்கறி உண்டு. நாங்கள் சாப்பிடவில்லை, மாடத்தைப் பார்த்த கையோடு மனசு வரவில்லை.

இனி கிணறு. அதற்கு முன் அதை வெட்டச் சொன்ன ஆள். அவரும் இந்த ஊரில் என்னைப் போல ஒரு வாடகை அறைக்காரர்தான், வாடகை கொடுக்கவில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

1527 மே 6. சம்பளம் கிடைக்காத பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமுக்குள் புகுந்து சூறையாடுகிறது. போப் ஏழாம் கிளமெண்ட், வத்திக்கானிலிருந்து சாந்தாஞ்சலோ கோட்டைக்குப் போகும் மதில்மேல் பாதை வழியாக ஓடுகிறார். வெள்ளை அங்கி தூரத்திலிருந்தே தெரியும், சுட்டுவிடுவார்கள் என்று, கூட ஓடிய பாவ்லோ ஜோவியோ என்ற வரலாற்றாசிரியர் தன் ஊதா மேலங்கியைக் கழற்றி அவர் மேல் போர்த்தியதாகச் சொல்வார்கள். கோட்டைக்குள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார் கிளமெண்ட். அதே கோட்டையில் பீரங்கியோடு நின்றவர் பென்வெனூத்தோ செல்லினி என்ற பொற்கொல்லர். எதிரிப் படைத்தலைவரையே தான்தான் சுட்டு வீழ்த்தியதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். செல்லினி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போப்பின் மணிமுடிகளில் இருந்த தங்கத்தை அவர் உருக்கிக் கொடுத்த கதையை நம்பலாம். கற்களைப் பெயர்த்தெடுத்து உடைகளுக்குள் வைத்துத் தைத்துவிட்டு, தங்கத்தை உலையில் போட்டார்கள். இந்த ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரு நாணய அளவு வேலைக்குத் திரும்ப வருவார்.

டிசம்பரில் ஓர் இரவு கிளமெண்ட் மாறுவேடத்தில் தப்பினார். நேராக ஓர்வியேத்தோ. ஏன் என்று கேட்டால் சிஞ்ஞோரா குதிகாலால் தட்டிக் காட்டுவார். யாரும் ஏற முடியாத பாறை. சூறையாடலின் துக்கத்தில் வளர்க்கத் தொடங்கிய தாடியை அவர் பிறகு சாகும்வரை எடுக்கவில்லை.

அவர் தங்கிய இடம் எப்படி? ஆயர் மாளிகை என்று பெயர். 1528 மார்ச்சில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் தூதர்கள் இருவர், ஸ்டீபன் கார்டினர், எட்வர்ட் ஃபாக்ஸ், ராணி கேத்தரினோடு நடந்த திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி வந்து சேர்ந்தார்கள். அந்த ராணி, ரோமைச் சூறையாடிய அதே சார்லஸின் சித்தி. போப்பின் தர்மசங்கடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தூதர்கள் ஊருக்கு அனுப்பிய கடிதத்தில் மதச் சட்டத்தோடு கூடவே தங்குமிடம் பற்றிய புகாரும் இருக்கிறது. இடிந்து பாழான பழைய மாளிகை. திரைச்சீலை இல்லாத வெற்று அறைகள் மூன்றைத் தாண்டித்தான் போப்பிடம் போக வேண்டும், அவற்றின் கூரை விழுந்துகிடக்கிறது. அறையை நிரப்புவதற்கென்றே நிறுத்தினாற்போல் கண்டவர்களும் நின்றுகொண்டிருக்கிறார்கள். போப்பின் படுக்கையறையில் உள்ள சாமான்கள், கட்டிலையும் சேர்த்து, 20 நோபிள் பெறாது. நோபிள் என்பது அன்றைய இங்கிலாந்துக் காசுக் கணக்கு. ஊரில் பஞ்சம், எது வாங்கினாலும் தீ விலை. தூதர்களிடமே மாற்று உடுப்பு இல்லை. மழையில் நைந்துபோன பயணக் கோட்டோடு போப் முன்னால் நிற்க முடியாமல், புதுத் துணி தைத்து வரும்வரை தங்கிய வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள்.

என் கட்டில் எவ்வளவு பெறும் என்று அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளமெண்டைவிட நான் வசதியாகத்தான் இருந்தேன்.

கூரை ஒழுகினாலும் போப் பயந்தது வேறொன்றுக்கு. கோட்டைக்குள் அடைபடுவது என்றால் என்ன என்று அவருக்கு அனுபவப் பாடம் இருந்தது. இந்தப் பாறையை யாராவது சுற்றி வளைத்துக்கொண்டால்? 13ஆம் நூற்றாண்டில் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து ஒரு குழாய்ப்பாதை போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முற்றுகையிடுபவன் முதலில் வெட்டுவது அதைத்தான். ஆகவே பாறைக்குள்ளேயே கிணறு. வேலை போனது இளைய அந்தோனியோ த சங்காலோவுக்கு. ரஃபேல் இறந்த பிறகு ரோமில் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்தவர் இவர். அந்தப் பெரிய மனிதரைக் கூப்பிட்டுக் கழுதைக்குப் பாதை போடச் சொன்னார்கள், அவர் போட்ட பாதையைப் பார்க்கத்தான் நான் இத்தனை தூரம் வந்தேன்.

கயிறும் வாளியும் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆழம் சுமார் 53 மீட்டர். முற்றுகையில் ஊர் முழுக்கக் குடிக்க வேண்டும். வாளி வாளியாக இறைத்தால் வரிசையில் நிற்பவர்களே தாகத்தில் விழுவார்கள். கழுதைகளின் முதுகில் பீப்பாய் ஏற்றி அனுப்ப வேண்டும். அனுப்பினால் அடுத்த சிக்கல்: இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் ஒரே படிக்கட்டில் சந்தித்தால்? கழுதை பின்பக்கமாகப் படியேறாது. சொல்லிப் பாருங்கள், ஏறாது. இருட்டில், நிறைந்த பீப்பாயோடு ஒன்று மேலே பார்த்தும், காலிப் பீப்பாயோடு ஒன்று கீழே பார்த்தும் நின்றுவிட்டால், அவற்றுக்குப் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும்.

சங்காலோ இரண்டு படிக்கட்டு வெட்டினார். கிணற்று வாயைச் சுற்றி எதிரெதிரே இரண்டு வாசல். ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு படிக்கட்டு கிணற்றைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. கயிற்றில் இரண்டு புரி முறுக்கிக் கிடப்பதுபோல இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போகின்றன, எந்த இடத்திலும் கலப்பதில்லை. ஒவ்வொன்றிலும் 248 படி. அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு சின்னப் பாலம். கழுதை ஒரு வாசலில் நுழைந்து இறங்கும், பாலத்தில் நிற்கும், பீப்பாய் நிரம்பும், பாலத்தின் மறுபக்கம் இரண்டாவது படிக்கட்டு, ஏறி மற்ற வாசல் வழியாக வெளியே. ஒரு நடைக்கு 496 படி. எதிரே ஒரு கழுதைகூட வராது.

இந்த யோசனை சங்காலோவுக்கு மட்டும் உதித்தது என்று சொல்ல மாட்டேன். 1519இல் கட்டத் தொடங்கிய பிரான்ஸின் ஷாம்போர் மாளிகையிலும் இப்படி இரட்டைப் படிக்கட்டு இருக்கிறது. 1932இல் ஜுசேப்பே மோமோ வத்திக்கான் அருங்காட்சியகத்தில் கட்டியதும் இதே வகை, ஏறுபவரும் இறங்குபவரும் மோதிக்கொள்ளாமல். ஆனால் ஷாம்போரில் போனவர்கள் அரசவைப் பெண்களும் கனவான்களும். அவர்கள் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடத் தெரியும். உண்மையாகவே இரட்டைப் படிக்கட்டு தேவைப்பட்ட பிராணிக்கு அதைக் கட்டிக் கொடுத்தவர் சங்காலோதான் என்பது என் கட்சி.

இழுவை ரயில் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிணறு. வெளியே இருந்து பார்த்தால் தணிந்த வட்டக் கட்டடம், பெரிய எடுப்பில்லை. உள்ளே போனதும் முதலில் தெரிவது குளிர். ஜூன் மாத வெயிலிலிருந்து வந்த எங்களுக்கு முதல் வளைவிலேயே முழங்கை சிலிர்த்தது. படிகள் அகலமானவை, முன்பக்கம் சற்றே சரிந்தவை. மனிதக் காலுக்கு அவை சரியாக அமையவில்லை. ஒரு எட்டுக்குக் கூடுதல், இரண்டு எட்டுக்குக் குறைவு. நாலு கால் இருந்தால் கணக்குச் சரியாக வரும் என்று தோன்றியது. உள்பக்கச் சுவரில் வளைவு வளைவாக ஜன்னல்கள், மொத்தம் 70 வரை. நடுக்கிணறு வானம் பார்த்துத் திறந்திருப்பதால் அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாகப் படிக்கட்டுக்கு வருகிறது. மேலே சுவர், பாறையில் நேரே வெட்டியது, உளித்தடம் சாய்ந்த கோடுகளாகத் தெரியும். கீழே போகப் போகச் சுவர் செங்கல்லுக்கு மாறிவிடுகிறது. பாறை முடிந்து களிமண் தொடங்கிவிட்டது. களிமண்ணைக் குடைந்தால் சரியும், ஆகவே சங்காலோ செங்கல் கட்டி நிறுத்தியிருக்கிறார். மாறும் இடத்தில் நின்று ஒரு கையைக் கல்லிலும் மறு கையைச் செங்கல்லிலும் வைத்துப் பார்த்தேன். செங்கல் ஈரம், கல் உலர்ந்திருந்தது.

பாதி ஆழத்தில் ஒரு ஜன்னலில் சாய்ந்து நின்றபோது, எதிர்ப்பக்க ஜன்னலில் ஒரு சின்னப் பையன் தலை தெரிந்தது. அவன் ஏறுகிறான், நாங்கள் இறங்குகிறோம். கையாட்டினான். அடுத்த ஜன்னலுக்கு நாங்கள் போனால் அவன் அதைவிட ஒரு ஜன்னல் மேலே இருந்து கையாட்டுகிறான். நடுவில் கிணறு, படிக்கட்டுகளையும் சேர்த்தால் 13 மீட்டர் விட்டம். அதன் சுவரிலேயே அவன் படிக்கட்டும் எங்கள் படிக்கட்டும், ஒரு சமயம் எங்கள் தலைக்கு மேலே, ஒரு சமயம் காலுக்கு அடியில். அவன் அம்மா அவனைத் தேடிக் கூப்பிடும் குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “இந்தப் பாதையில தேடிப் போனா ஆளைப் பிடிக்கவே முடியாதுங்க” என்றாள் வீட்டுக்காரி. அதைத்தானே அம்மா நான் அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

அடியில் பாலம் மரப்பலகை. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆழத்தில் காசு மினுங்குகிறது. எல்லா நாட்டுக் காசும். அண்ணாந்தால் வானம் ஒரு தட்டு அளவுக்கு. ஏறும்போது நான் பேசவில்லை. மூச்சு வாங்கியது.

கிணறு முடிந்தது 1537இல். கிளமெண்ட் 1534 செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். முடித்து வைத்தவர் அடுத்த போப், மூன்றாம் பவுல். கிளமெண்டே 1528 கோடையில் ஓர்வியேத்தோவை விட்டுக் கிளம்பிப் போய்விட்டார், பிறகு சார்லஸோடு சமாதானமும் ஆகிவிட்டது. 1530இல் பொலோஞாவில் கிளமெண்ட் தன் கையாலேயே சார்லஸுக்குப் பேரரசர் முடி சூட்டினார். எந்தப் போப்பும் அதன் பிறகு இந்தப் பாறையில் முற்றுகைக்குள் சிக்கவில்லை. வராத எதிரிக்காக வெட்டிய கிணறு. ஆனாலும் கிளமெண்டுக்கு அதில் பெருமை இருந்திருக்கிறது: நம் செல்லினியைக் கூப்பிட்டு ஒரு பதக்கம் செய்யச் சொன்னார். ஒரு பக்கம் தாடி வைத்த போப். மறுபக்கம் மோசே பாறையை அடிக்கிறார், தண்ணீர் பீறிடுகிறது, மக்கள் குடிக்கட்டும் என்ற பொருளில் சுற்றிலும் லத்தீன் எழுத்து. தன் தங்கத்தை உருக்கியவரிடமே தன் தண்ணீருக்கும் பதக்கம். பதக்கத்தில் கழுதை இல்லை. செல்லினியை நான் மன்னிக்க மாட்டேன்.

அறைக்குத் திரும்பியதும் இதையெல்லாம் சிஞ்ஞோராவிடம் கொட்டினேன், பாதி ஆங்கிலம், பாதி கை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓர்வியேத்தோவில் பிறந்து வளர்ந்தும் தான் கடைசியாகக் கிணற்றில் இறங்கியது பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் என்றார். முழங்கால் வலி. இரவு பத்தரைக்குப் பிறகு வாசலைப் பூட்டிவிடுவாராம், வெளியே போவதானால் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சாவியில் கோர்த்திருந்த பித்தளைக் குண்டு கால் கிலோ இருக்கும், பைக்குள் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கிறது. யாரும் மறந்து ஊருக்கு எடுத்துப் போகாமல் இருக்கத்தான் அந்தக் குண்டு. வீட்டுக்காரி அறையிலிருந்து குரல் கொடுத்தாள்: “கீசர்ல கொஞ்சந்தான் இருக்கு. மொதல்ல குளிச்சுட்டு வாங்க, கழுதை எங்கயும் போயிடாது.”

காலை உணவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கோர்னேத்தோ என்ற பிறை வடிவ ரொட்டி ஒன்று, பொட்டலத்தில் ரஸ்க் மாதிரி இரண்டு துண்டு, சின்ன டப்பாவில் ஆப்ரிகாட் ஜாம். காப்பி மட்டும் மெஷினில் வந்ததல்ல, சிஞ்ஞோராவே அடுப்பில் வைத்த மோக்காவில் இறக்கியது. அதற்கு ஒரு நட்சத்திரம் கூடக் கொடுத்திருக்கலாம்.

நான் எழுந்தது காப்பி வாசனைக்கு அல்ல, மணிச்சத்தத்துக்கு. கதீட்ரல் சதுக்கத்து மூலையில் ஒரு கோபுரம். அதன் உச்சியில் வெண்கலத்தில் வார்த்த மனிதன், பெயர் மௌரிட்ஸியோ, கையில் சுத்தியலோடு மணியை அடிக்கிறான். 1348ஆம் ஆண்டு ஆள். கதீட்ரல் கட்டிய கூலிக்காரர்கள் எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதைச் சொல்வதற்காக அவனை அங்கே நிறுத்தினார்கள். அரை நொடியும் பிசகாமல் என்னை எழுப்பினான் என்று சொல்ல ஆசை, ஆனால் நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

அந்த மணியைப் பின்பற்றிப் போனால் முகப்பு வந்துவிடும், தம்பி. படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த வாரம் நிச்சயம். 1290இல் அடிக்கல் போட்ட கோயில். முகப்பை வரைந்தவர்களில் முக்கியமான லொரேன்ஸோ மைத்தானி முதலில் வந்தது சுவர் சரிந்துவிடாமல் காப்பாற்றுவதற்கு. உள்ளே சான் பிரிட்ஸியோ சிற்றாலயத்தில், உலக முடிவைப் படமாக எழுதிய லூக்கா சிக்னொரெல்லி கறுப்பு உடுப்போடு தன்னையும், தனக்கு முன் அந்த வேலையைத் தொடங்கிவைத்த ஃப்ரா ஆஞ்சலிகோவையும் ஓர் ஓரமாக நிற்க வைத்திருக்கிறார். முன்னால் ஒருவன் கழுத்தை நெரிக்கிறான், இவர்கள் இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் அவர்களைப் பற்றி எழுதவா, முகப்பைப் பற்றியா என்பதைத் திங்கட்கிழமை சொல்கிறேன்.